ஒரே சாலையில் இரண்டு நினைவுச் சின்னங்கள்: தருமபுரி நக்சல் கதையில் விட்டுப்போன பக்கம்

தருமபுரியிலிருந்து திருப்பத்தூர் போகிற பஸ்ஸில் எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கில்லை. அந்த ஒரே சாலையில் இரண்டு நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன. ஒன்று நாயக்கன்கொட்டாயில் இருக்கும் அப்பு, பாலன் சிலைகள். வருஷா வருஷம் செப்டம்பர் 12 வந்தால் அங்கே சிவப்புக் கொடியும் வரும், அதைவிட அதிகமாக போலீசும் வரும். இன்னொன்று சாலையின் அந்தக் கோடியில், திருப்பத்தூரில் இருக்கும் காவலர் நினைவுச் சின்னம். ஆகஸ்ட் 6 அன்று அதிகாரிகள் மலர்வளையம் வைத்து மரியாதை செலுத்துவார்கள்.

இரண்டு தேதியும் 1980ஆம் வருஷத்தைச் சேர்ந்தவை. நடுவில் 37 நாள் இடைவெளிதான்.

இதே சாலையில் எந்தச் சின்னமும் இல்லாத மூன்றாவது இடம் ஒன்று உண்டு. நாயக்கன்கொட்டாயை ஒட்டிய நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள். 2012 நவம்பர் 7 அன்று இங்கே 250க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன.

தருமபுரியின் நக்சல் வரலாறு பற்றி இதுவரை படித்ததில் பெரும்பாலானவை முதல் இரண்டு சின்னங்களில் ஏதாவது ஒன்றின் பக்கத்தில் நின்றுகொண்டு எழுதப்பட்டவை. மூன்றாவது இடத்தில் நின்று பார்த்தால் அந்த இரண்டு கதையும் எப்படித் தெரிகிறது என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில், கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக.

1967இல் வங்காளத்தின் நக்சல்பாரியில் விவசாயிகள் எழுச்சி. 1969இல் சாரு மஜும்தார் தலைமையில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி (மார்க்சிஸ்ட்-லெனினிஸ்ட்) உருவானது. தமிழ்நாட்டில் அதன் முதல் தலைமுறைத் தலைவர்களில் ஒருவர் கோவையைச் சேர்ந்த அப்பு. 1970இல் போலீசார் அவரைப் பிடித்துக் கொன்றுவிட்டார்கள் என்பது இயக்கத்தார் சொல்வது. 1972 ஜூலையில் சாரு மஜும்தாரும் கல்கத்தாவில் போலீஸ் காவலில் இருக்கும்போது இறந்துபோனார். கட்சி பல துண்டாகச் சிதறியது. தமிழ்நாட்டில் மிஞ்சியவர்கள் எழுபதுகளின் பின்பாதியில் மறுபடியும் வேரூன்றிய இடம் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தின் திருப்பத்தூர்ப் பக்கமும் தருமபுரி மாவட்டமும்.

ஏன் இங்கே? காட்டையும் மலையையும் காரணமாகச் சொல்கிறவர்கள் உண்டு. அது பாதிதான். இது மானாவாரி பூமி. மழை பொய்த்தால் கடன். கடன் வாங்கினால் கந்துவட்டி. வட்டி கட்ட முடியாவிட்டால் நிலம் போகும், அல்லது பிள்ளை பண்ணைக்கு வேலைக்குப் போகும். டீக்கடையில் ஊர்க்காரர்களுக்கு ஒரு டம்ளர், காலனிக்காரர்களுக்கு வேறு டம்ளர். கந்துவட்டியில் சிக்கியவர்களில் வன்னியரும் இருந்தார்கள், தலித்துகளும் இருந்தார்கள். டம்ளர் விஷயத்தில் மட்டும் அவர்கள் எதிரெதிர்ப் பக்கம். இயக்கம் இந்த இரண்டு பிரச்சினையையும் சேர்த்தே கையில் எடுத்தது. இரண்டு சாதிப் பையன்களும் அதில் சேர்ந்தார்கள். இது தருமபுரிக்கு அதுவரை பழக்கமில்லாத ஒன்று.

1980 ஏப்ரலில் ஆந்திராவில் கொண்டபள்ளி சீதாராமையா மக்கள் யுத்தக் கட்சியைத் தொடங்கினார். தமிழகக் குழுவும் அதில் இணைந்தது. அந்த ஆகஸ்ட் 6 அன்று திருப்பத்தூரில், பிடிபட்டவர்களை வண்டியில் கொண்டுபோகும்போது குண்டு வெடித்தது. ஆய்வாளர் பழனிச்சாமியும் உடன் சென்ற காவலர்களும் கொல்லப்பட்டார்கள். எம்.ஜி.ஆர். அரசு வால்டர் தேவாரத்தை அனுப்பியது. நடவடிக்கைக்கு வைத்த பெயர் 'ஆபரேஷன் அஜந்தா'. அஜந்தா என்பது கொல்லப்பட்ட அந்த ஆய்வாளரின் சின்ன மகளின் பெயர்.

செப்டம்பர் 12 அன்று பாலன் சென்னை மருத்துவமனையில் இறந்தார். சீரியம்பட்டியில் நடந்த பொதுக்கூட்டத்தில் போலீசார் அவரைப் பிடித்து அடித்ததால்தான் இறந்தார் என்று இயக்கத்தார் இன்றுவரை சொல்கிறார்கள். அதற்குப் பிறகு இரண்டு மாவட்டங்களிலும் அடுத்தடுத்து 'மோதல்' சாவுகள். சில வருஷங்களில் எல்லாம் அடங்கிப்போனது.

இனி முதல் கதைக்கு வருவோம். "தேவாரம் வந்தார், ஒழித்தார்." போலீஸ் நினைவுக் குறிப்புகளிலும் பத்திரிகைத் தொடர்களிலும் இதுதான் ஓடும். ஒரு சின்னக் குழந்தையின் பெயரை நடவடிக்கைக்கு வைத்த அந்த உணர்ச்சியை நான் கேலி பண்ணமாட்டேன். அப்பாவை இழந்த பிள்ளை அது. பழனிச்சாமியோடு போன காவலர்களும் நம்மூர் ஏழை வீட்டுப் பிள்ளைகளாகத்தான் இருந்திருப்பார்கள். ஆனால் ஒரு அரசு நடவடிக்கைக்கு இப்படி ஒரு பெயர் வைக்கும்போது அது என்னவாக மாறுகிறது என்று கவனிக்க வேண்டும். சட்டத்தின் வேலை பழிவாங்குவதாக மாறிவிடுகிறது. பழிவாங்கலில் குற்றப்பத்திரிகை, சாட்சி, தீர்ப்பு எதுவும் தேவைப்படாது.

இன்னொரு விஷயம். தீண்டாமையைக் கடைப்பிடிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று சட்டம் வந்தது 1955இல். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல். அதாவது 1980இல் இரட்டை டம்ளர் வைத்திருந்த ஒவ்வொரு டீக்கடையும் கால் நூற்றாண்டாகச் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தது. பிள்ளையை அடிமையாக வைத்திருந்த ஒவ்வொரு பண்ணையும் அப்படித்தான். அந்த டீக்கடைக்காரர்களைத் தேடி எந்தச் சிறப்புப் படையும் வரவில்லை. சட்டத்தை அமல்படுத்தச் சொன்னவர்களைத் தேடித்தான் படை வந்தது.

"அவங்க வெறுமனே சொல்லவில்லையே, குண்டு வைத்தார்களே" என்று கேட்பீர்கள். சரிதான். குண்டு வைத்தவர்களைப் பிடித்து வழக்குப் போட்டுத் தண்டித்திருந்தால் நான் இதை எழுதவே தேவையில்லை. ஆனால் பாலன் அடிபட்டது குண்டோடு காட்டில் இருக்கும்போது அல்ல, பொதுக்கூட்டத்தில் என்பதை மறக்கக்கூடாது. மேடை போட்டுப் பேசுகிறவனுக்கும் காட்டில் ஒளிந்திருக்கிறவனுக்கும் ஒரே சிகிச்சை என்றால், அடுத்த பையன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு தனியாகச் சட்டம் போட்டது 2003இல். மோதல் சாவு நடந்தால் முதல் தகவல் அறிக்கை, சுதந்திரமான விசாரணை, மாஜிஸ்திரேட் விசாரணை எல்லாம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் விதிமுறை வகுத்தது 2014இல். தருமபுரிக்கு இரண்டுமே தேவைப்பட்டது 1980இல்.

அப்படி 'ஒழிக்கப்பட்டது' மறுபடி வந்தும் வந்தது. 2002 நவம்பரில் ஊத்தங்கரைப் பக்கம் (அப்போது அதுவும் தருமபுரி மாவட்டம்தான், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல்) ஒரு மோதலில் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். ஆணும் பெண்ணுமாகப் பலர் பொடாவில் சிறைக்குப் போனார்கள். 18 வயது நிரம்பாத ஒரு சிறுவனும் அதில் இருந்தான்.

இப்போது இரண்டாவது கதை. "இயக்கம் இருந்திருந்தால் 2012 நடந்திருக்காது." இதை இடதுசாரி நண்பர்கள் மட்டுமல்ல, காலனி மக்களில் வயதானவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். நாயக்கன்கொட்டாய் வட்டாரம் இயக்கத்தின் கோட்டையாக இருந்த இடம். அங்கே டம்ளர் உடைந்தது. சாதி மறுப்புத் திருமணங்கள் நடந்தன. அந்த மண்ணில்தான் 2012இல் ஒரு வன்னியப் பெண்ணும் தலித் பையனும் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று, பெண்ணின் அப்பா தற்கொலை செய்துகொண்ட அன்று, ஒரு பெருங்கூட்டம் மரத்தை வெட்டிப் போட்டுச் சாலையை மறித்துவிட்டு மூன்று காலனிகளைக் கொளுத்தியது. உயிர்ச்சேதம் இல்லை, ஆட்கள் காட்டுக்குள்ளும் வயலுக்குள்ளும் ஓடி ஒளிந்துகொண்டார்கள். பெங்களூரு, திருப்பூர் என்று போய்ச் சம்பாதித்துக் கட்டிய வீடு, பீரோவில் இருந்த நகை, பையன்களின் பைக், பிள்ளைகளின் சர்டிபிகேட், எல்லாம் போயிற்று. அடுத்த வருஷம் ஜூலை 4 அன்று அந்தப் பையன் தருமபுரியில் ரயில் பாதை ஓரம் பிணமாகக் கிடந்தார்.

ஆகவே "இயக்கம் இருந்திருந்தால்" என்கிற ஏக்கம் புரிகிறது. ஆனால் அந்த வாக்கியத்தை ஏற்க எனக்கு ஒரு தடை இருக்கிறது. அது என் வீட்டிலேயே இருக்கிறது.

எங்கள் ஊர் ஒரு சின்ன ஊர், நான் ஊர்த்தெருக்காரன். எங்கள் பெரியப்பாவுக்கு 1980இல் இருபத்தி நாலு வயது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு கதையைப் பெருமையாகச் சொல்வார்: "அண்ணனுங்க ஒரு நாள் காலைல டீக்கடைக்கு வந்தாங்க. தனி டம்ளரை எடுத்து ரோட்டுல போட்டு உடைச்சாங்க. கடைக்காரன் ஒரு வார்த்த பேசல. அன்னைலேர்ந்து எல்லாருக்கும் ஒரே டம்ளர்தான்." நான் முதன்முதலில் நக்சல் என்கிற சொல்லைக் கேட்டது இந்தக் கதையில்தான். அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் இருந்த அர்த்தம் 'நியாயம் கேட்க வர்ற ஆள்'.

2012 நவம்பரில், டிவியில் எரிந்த வீடுகளைக் காட்டிக்கொண்டிருந்தபோது அதே பெரியப்பா சொன்னார்: "ரொம்பத்தான் ஆடுனாங்க. வேணும்தான் இவனுங்களுக்கு."

நான் எதிர்த்துப் பேசவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், சாப்பிட்டு முடித்து எழுந்து போனேன். பத்து வருஷத்துக்கும் மேலாக அந்த இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எப்படி ஒரே ஆள் இரண்டையும் சொல்ல முடிந்தது?

எனக்குக் கிடைத்த பதில் இதுதான். அவர் பெருமையாகச் சொன்ன கதையில் அவர் எங்கே இருக்கிறார்? பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். உடைத்தது அண்ணன்கள். வாயை மூடிக்கொண்டது கடைக்காரர். டம்ளர் ஒன்றானது அண்ணன்கள் மறுபடி வருவார்கள் என்பதால். ஊர்த்தெருவில் உட்கார்ந்திருந்த யாரும் எழுந்து "இது தப்பு" என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. காலனி ஆட்கள் தாங்களாகக் கூடி எதையும் உடைக்கவும் இல்லை. இரண்டு தெருவுக்கும் மேலே மூன்றாவதாக ஒரு அதிகாரம் வந்து நின்றது. அது நியாயமான அதிகாரம்தான், ஆனாலும் அதிகாரம். அது போனதும் அதனுடைய நியாயமும் கூடவே போய்விட்டது.

அழித்தொழிப்பு என்கிற வழிமுறையின் கோளாறு உயிர்ப்பலி மட்டுமல்ல என்று நான் நினைப்பது இதனால்தான். சாரு மஜும்தார் காலத்தில் கட்சி வெகுஜன அமைப்புகளையே ஒதுக்கிவைத்துவிட்டு, தனித்தனி நிலப்பிரபுக்களை ஒழித்துக்கட்டினால் மக்கள் எழுவார்கள் என்று நம்பியது. பின்னால் வந்தவர்கள் அதைத் தவறு என்று விமர்சித்து இளைஞர், விவசாயிகள் சங்கங்களுக்குத் திரும்பினார்கள். தருமபுரியில் நடந்த நல்ல வேலை எல்லாம் அந்தத் திருத்தத்தின் பலன்தான். ஆனால் சங்கத்தின் முதுகுக்குப் பின்னால் துப்பாக்கி எப்போதும் இருந்தது. துப்பாக்கி இருக்கிற இடத்தில், ஊர்க்காரன் சங்கத்தைக் கேட்கிறானா, துப்பாக்கியைக் கேட்கிறானா என்று சங்கத்துக்கே தெரியாது. தெரிந்துகொள்ள 2012 வரை காத்திருக்க வேண்டியதாகிவிட்டது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே 1980 ஜூலையில்தான் மருத்துவர் ராமதாஸ் வன்னியர் சங்கத்தைத் தொடங்கினார். 1987 செப்டம்பரில் ஒரு வாரச் சாலை மறியல், துப்பாக்கிச் சூடு, 21 பேர் சாவு. 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத இட ஒதுக்கீடு. பிறகு பாட்டாளி மக்கள் கட்சி. அந்தக் கோரிக்கை பொய்யானதல்ல. மானாவாரி வன்னிய விவசாயியின் வறுமை நிஜம். ஆனால் அந்த வறுமையை வர்க்கமாகப் பார்க்கச் சொன்ன மேடையை அரசு அடித்து நொறுக்கிய பத்து வருஷத்துக்குள், அதைச் சாதியாகப் பார்க்கச் சொன்ன மேடைக்குச் சட்டசபை வரை வழி திறந்தது. போலீஸ் கதை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. ஒரு இயக்கத்தை ஒழித்தால் இடம் காலியாக இருக்காது. வேறு ஒன்று வந்து உட்காரும்.

"அப்போ துப்பாக்கி இல்லாத சங்கம் மட்டும் என்ன கிழித்தது?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கும் இதே மாவட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது.

அரூர் பக்கம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி கிராமத்துக்குள் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, கிணற்று நீர் பாழாக்கப்பட்டது, பெண்களும் குழந்தைகளும் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் வழக்கைக் கையில் எடுத்தன. 269 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும்போது அதில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 126 பேர் வனத்துறை, 84 பேர் போலீஸ், 5 பேர் வருவாய்த்துறை. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது.

31 வருஷம். அந்தப் பெண்கள் கோர்ட்டுக்கு நடந்த நடையை நினைத்தால் இதை 'வெற்றி' என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அதோடு, வாச்சாத்திச் சங்கம் இருந்த அதே மாவட்டத்தில்தான் 2012ம் நடந்தது. அதைத் தடுக்க எந்தச் சங்கத்தாலும் முடியவில்லை. இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு வித்தியாசம் மிஞ்சுகிறது. வாச்சாத்தியில் கூண்டில் ஏறி அடையாளம் காட்டியது அந்த ஊர்ப் பெண்களே. அண்ணன்கள் வந்து செய்துகொடுத்த காரியம் அல்ல அது. சங்கத் தலைவர்கள் மாறினாலும், அரசு மாறினாலும், அந்தப் பெண்கள் சொன்ன சாட்சியம் மாறவில்லை. ஒழித்துக்கட்ட முடியாத ஒன்று அங்கே உருவாகியிருந்தது.

வாச்சாத்தி அரசுத் தரப்புக்கும் ஒரு பாடம். 1980இல் கேள்வி கேட்கப்படாத சீருடை, 12 வருஷம் கழித்து அதே மாவட்டத்தில் என்ன செய்யத் துணிந்தது என்று பாருங்கள். இந்தத் தடவை காட்டில் நக்சல்கூட இல்லை.

இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், 2026 மார்ச் 31க்குள் நாட்டில் மாவோயிஸ்ட் இயக்கமே இருக்காது என்று மத்திய அரசு நாள் குறித்தது. 2004இல் மக்கள் யுத்தமும் எம்.சி.சி.யும் இணைந்து உருவான கட்சி, 2009இல் தடை செய்யப்பட்டது. அதன் பொதுச் செயலாளர் பசவராஜு 2025 மே 21 அன்று சத்தீஸ்கரில் கொல்லப்பட்டார். டிவியில் எண்ணிக்கை ஓடுகிறது: இத்தனை பேர் சாவு, இத்தனை பேர் சரண். எதிர்த்தரப்பு நண்பர்களும் அதே எண்ணிக்கையைத்தான் தியாகிகள் பட்டியலாகப் போடுகிறார்கள்.

தருமபுரிக்காரனாக எனக்கு அந்த எண்ணிக்கையில் ஆர்வம் போய்விட்டது. பஸ்தர் இனிமேல்தான் பார்க்கப்போகிற 'அதற்குப் பிறகு' என்கிற காலத்தில் நாங்கள் நாற்பது வருஷத்துக்கும் மேலாகக் குடியிருக்கிறோம். எங்களிடம் கேட்டால் சொல்வோம். கடைசித் துப்பாக்கி மௌனமான மறுநாள் காலையில், காட்டு நிலத்துக்குப் பட்டா கேட்டு ஒருவர் தாலுகா ஆபீசுக்கு நடந்து போனால் உள்ளே விடுவார்களா? அவர் கூட்டம் போட்டால் அடிப்பார்களா? அடித்த சீருடைக்காரன் கோர்ட் ஏறுவானா? இந்த மூன்று கேள்விக்கும் தருமபுரியில் பதில் 'இல்லை, ஆமாம், இல்லை' என்றே இருந்தது. அதற்கான விலையை 2012இல் கொடுத்தவர்கள் நக்சலும் இல்லை, போலீசும் இல்லை. மூன்று காலனி ஜனங்கள்.

பெரியப்பாவுக்கு இப்போது எழுபது வயது. எங்கள் ஊர் டீக்கடையில் பேப்பர் கப் வந்து வெகுநாளாகிறது. எல்லாருக்கும் ஒரே கப், குடித்ததும் கசக்கிப் போட்டுவிடலாம். யாருக்கு எதில் கொடுத்தார்கள் என்ற கேள்வியே இல்லை. போன பொங்கலுக்குப் போனபோது அவரிடம் கேட்டேன்: "அன்னைக்கு அண்ணனுங்க வராம இருந்திருந்தா, நீங்க அந்த டம்ளரை எடுத்துப் போட்டு உடைச்சிருப்பீங்களா பெரியப்பா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நாங்க எதுக்குடா உடைக்கணும், நம்ம டம்ளர்தான் நல்லாத்தானே இருந்துச்சு" என்றார்.